விட்ட கணக்கு

கோட்காவில் எங்கள் தெருமுனைக் கடையில்
காலி பாட்டில்களை விழுங்கும் இயந்திரத்துக்கும்
பில் போடும் மேசைக்கும் நடுவே நிற்கிறது அது.
ரொட்டி வாங்கப் போகிறவள்
அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.
பதினொரு வருஷம் நான் தாண்டவில்லை.

பாட்டிலுக்குக் கிடைத்த சில்லறை முதலில் போகும்.
பிறகு ரொட்டிக் காசு.
பிறகு ஓட்சோவின் குளிர்காலப் பூட்ஸ்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவெல்லாம் யார் யாருடைய ரத்தக்கறையையோ வெளுத்துவிட்டு
கடைக் கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பேன்,
கையில் சோப்பு வாடை போகாமல்.

விட்டதைப் பிடிக்கிறேன் என்பேன்.
பிடிக்கப் போய் விட்டேன்.
அதையும் பிடிக்க மறுபடி விட்டேன்.
அக்கா சிர்க்காவிடம் வாங்கியது
இரண்டாயிரத்து முந்நூறு யூரோ,
பல் வைத்தியத்துக்கு என்று சொல்லி.
என் பற்கள் நன்றாகவே இருந்தன.
அவள் எதிரில் சிரிக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை.
பெரிய காரணம் எதுவுமில்லை,
கேட்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.
ரொட்டி, பால், ஒரு கட்டு சதகுப்பை.
அட்டையை நீட்டினேன். பணமில்லை என்றது.
ரொட்டியையும் பாலையும் திருப்பி வைத்துவிட்டேன்.
சதகுப்பையை எங்கே எடுத்தேன் என்பது மறந்துபோய்
கடை முழுக்க அதைப் பிடித்தபடி அலைந்தேன்.
அன்றைக்குத்தான், விட்டதை விட்டது.

முதல் மாதம் கை அரித்தது.
கோட்டுப் பையில் கிடந்த இருபது சென்ட் நாணயம்
தொட்டால் சுட்டது.
சட்டென்று எதுவும் நல்லதாகிவிடவில்லை.
நேரம்தான் முதலில் திரும்பி வந்தது,
சொல்லாமல் கொள்ளாமல் வந்த விருந்தாளியாக.
அதை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை.
ஜன்னலைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.
துறைமுகத்தில் கப்பல்கள் மரம் ஏற்றிப் போவதை
இந்த வருஷம்தான் தொடங்கினார்களோ என்பதுபோலப் பார்த்தேன்.

பிறகு கடிதங்கள்.
ஃபிரிட்ஜின் மேல் பிரிக்காமல் நாற்பத்தேழு உறை.
நாளுக்கு இரண்டு வீதம் பிரித்தேன்.
அதற்கு மேல் மூச்சு முட்டியது.
ஒன்று ஓட்சோவின் பள்ளியிலிருந்து,
நாலு வருஷத்துக்கு முந்தைய இசை விழாவுக்கு அழைப்பு.
அவனிடம் காட்டினேன்.
"டிரம்பெட். இப்போது வாசிப்பதில்லை" என்றான்.
வெகுநேரம் கழித்து,
"சகிக்காது. நல்லவேளை, நீ வரவில்லை" என்றான்.
இருவரும் சிரித்தோம். எனக்குப் பற்களெல்லாம் தெரிந்தன.

மூன்றரைக்கே இருட்டும் மாதத்தில்
அவனுக்குப் பூட்ஸ் வாங்கினேன். அளவு நாற்பத்து மூன்று.
நான் நாற்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.
கடைக்காரப் பெண் மேலும் கீழும் பார்த்தாள்.

மாதம் நாற்பது யூரோ அக்காவுக்கு.
அவள் நன்றி சொல்லமாட்டாள், நோட்டில் எழுதிக்கொள்வாள்.
நான் உள்ளே நுழையும்போதெல்லாம்
அவள் கைப்பை படுக்கையறைக்குப் போய்விடும்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
தப்பென்றும் நான் சொல்லமாட்டேன்.

நேற்று, சனிக்கிழமை,
சவுனாவுக்கு விறகு போட்டுவிட்டு வருகிறேன் என்று
தோட்டத்துக்கு இறங்கிப் போனாள்.
சமையலறை நாற்காலியில் கைப்பை.
ஜிப் திறந்து.

பொய் எதற்கு, பார்த்தேன்.
மூன்று இருபது, ஓர் ஐம்பதின் ஓரம்.
எண்ணாமலிருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.
காபி ஊற்றிக்கொண்டேன்.
தட்டிலிருந்த ஏலக்காய் பன்னில் பாதியைப் பிய்த்துத் தின்றேன்.
ஜிப்பை மூடிவிடலாமா என்று தோன்றியது.
மூடினால் தொட்டதாகிவிடும்.
அப்படியே விட்டேன்.

தலைமுடி புகை மணக்க வந்தாள் சிர்க்கா.
பையின் பக்கம் திரும்பவே இல்லை.
"பன்னில் பாதியைக் காணோமே, துயிரே?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.